கன்னி நாயின் காயத்துக்கு வாங்கிய மூன்று பொருட்கள்

போன ஐப்பசியில் எங்கள் கன்னி நாய் வேலிக் கம்பியில் தொடையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இந்த வேட்டை நாய்களுக்குத் தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பும் குறைவு. மற்ற நாய்க்குக் கீறலோடு போவது இதற்குக் கிழிசலாகிவிடும். அன்றைக்குக் கட்டைவிரல் நீளத்துக்கு மேல்தோல் மட்டும் உரிந்திருந்தது. துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றுவிட்டது. காயம் வாய் பிளக்கவில்லை, நொண்டவும் இல்லை. அதனால் வீட்டிலேயே பார்த்துக்கொண்டேன்.

வாங்கிய மூன்றில் அதிகம் உழைத்தது அரை லிட்டர் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில்தான். மூடியில் ஊசியால் துளையிட்டு அமுக்கினால் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். மண்ணும் முடியும் அதிலேயே கழுவிப் போய்விடும். அதற்கு முன்னால் காயத்தைச் சுற்றி முடியைக் கத்தரிக்க வேண்டும். கத்தரி அலகை நனைத்துக்கொண்டால் முடி உள்ளே விழாமல் அலகிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பெட்டாடின் என்கிற கிருமிநாசினி, 5 சதவீதக் கரைசல். முதல் நாள் அப்படியே ஊற்றிவிட்டேன், பாவம், துடித்துப்போனது. கெட்டியாக ஊற்றினால் புதிதாக வளர்கிற சதையும் கெடும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் பிறகுதான் சொன்னார். கால் லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, போதும். பால் விடாத லேசான டீ நிறம் வர வேண்டும். காலையும் மாலையும் அதில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு குறை: இதன் பழுப்பு நிறத்தில் காயத்தின் சிவப்பு தெரியாது. மருந்து போடுவதற்கு முன்பே வீக்கம், சீழ், வாடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, காயத்தை நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டுகிற கூம்பு, 350 ரூபாய்க்கு வாங்கினேன். இதில்தான் ஏமாந்தேன். கடையில் கழுத்தளவை மட்டும் கேட்டுக் கொடுத்தார்கள். கன்னிக்கு முகம் நீளம், தலை ஒடுக்கம். ஒரே இரவில் கூம்பைக் கழற்றிவிட்டு நக்கிக் காயத்தைப் பெரிதாக்கிவிட்டது. மூக்கு நுனியைத் தாண்டி மூன்று விரற்கடை நீளுகிற கூம்பாக வாங்கி, கழுத்துப் பட்டையோடு சேர்த்துக் கட்டிய பிறகுதான் நின்றது. நாய் நக்கினால் ஆறும் என்பார்கள். எங்கள் வீட்டில் நக்கியதால் நான்கு நாள் கூடுதலாகத்தான் ஆயிற்று.

பக்கத்து மெடிக்கலில் மனிதர்களுக்கான ஒரு களிம்பையும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு கலந்தது. காயம் ஆறுவதைத் தள்ளிப்போடும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும் என்று டாக்டர் தூக்கிப் போடச் சொன்னார். வலிக்குப் பாராசிட்டமாலோ புரூஃபனோ நாமாகக் கொடுக்கவே கூடாது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

தை மாதம் வேறு கதை. தெருநாய் ஒன்று கழுத்தில் கடித்துவிட்டது. வெளியே இரண்டு சின்னத் துளை, அவ்வளவுதான். கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தபோது தோலுக்கு அடியில் இரண்டு அங்குலம் பை மாதிரி பிரிந்திருந்தது. மேலே மருந்து தடவி மூடியிருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கும். வருஷா வருஷம் போட்டிருந்தாலும் வெறிநாய்த் தடுப்பூசியை மறுபடியும் போட்டார்.

கடித்த காயம், வாய் பிளந்த காயம், நிற்காத ரத்தம், கண் பக்கத்துக் காயம், புழு வைத்த புண், இவற்றில் எதற்கும் இந்த மூன்று பொருட்களை நம்பி உட்காராதீர்கள். தையல் போட வேண்டியதென்றால் ஆறேழு மணி நேரத்துக்குள் போய்ச் சேருவது நல்லது. புழுவுக்குப் பினாயில் ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அது நாய்க்கு விஷம், தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

சலைனும் பெட்டாடினும் மறுபடியும் வாங்குவேன். சலைனைத் திறந்தால் மிச்சத்தை மறுநாளைக்கு வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதுப் பாட்டில்தான்.