ரோம் மாற்றும் முன்: பூட்டு திரும்ப விழுமா?

போனோடு வந்த சிஸ்டம் மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றை (இதைத்தான் ரோம் என்கிறார்கள்) போடலாமா என்ற கேள்விக்குள் இரண்டு ஆசைகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று, நாம் எங்கே போகிறோம், என்ன தேடுகிறோம் என்பது கூகுளுக்கும் போன் கம்பெனிக்கும் போகக் கூடாது. மற்றது, போன் களவு போனாலோ, ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் கைமாறினாலோ, கெட்ட ஆப் ஒன்று நுழைந்தாலோ உள்ளே இருப்பது பத்திரமாக இருக்க வேண்டும். முன்னது தனியுரிமை, பின்னது பாதுகாப்பு. முன்னதைத் தேடிப்போய்ப் பின்னதைத் தொலைக்கிறவர்கள்தான் அதிகம்.

காரணம் பூட்லோடர். போன் ஆன் ஆகும்போது, அடுத்து ஏறப்போகும் மென்பொருளில் சரியான கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவது அதுதான். வேறு ரோம் போட அந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும். போட்ட பிறகு அதைத் திரும்பப் பூட்ட முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திறந்தே கிடந்தால், போனைப் பத்து நிமிஷம் கையில் வைத்திருப்பவர் கேபிளைச் சொருகி சிஸ்டத்தையே மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். படங்களும் மெசேஜும் குறியாக்கத்தில் இருப்பதால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. நீங்கள் வீட்டுக்கு வந்து பின் நம்பரை அடித்ததும் மாற்றப்பட்ட சிஸ்டம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான்கு வழிகளைப் பார்ப்போம்: கிராபீன் ஓ.எஸ்., லீனியேஜ் ஓ.எஸ்., இ ஓ.எஸ்., இருக்கிற போனையே இறுக்கிக் கட்டுவது. கேலிக்ஸ் ஓ.எஸ். என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியீடுகளை நிறுத்திவைப்பதாக அவர்களே அறிவித்ததால் இங்கே சேர்க்கவில்லை.

கிராபீன் ஓ.எஸ்.

கூகுள் பிக்சல் போன்களுக்கு மட்டும்தான். கூகுளைத் தவிர்க்க கூகுள் போனையே வாங்குவதா என்று பலருக்கும் நெருடும். ஆனால் சொந்தக் கையெழுத்துச் சாவியோடு வேறு சிஸ்டத்தைப் போட்டுவிட்டு பூட்லோடரை மறுபடி முறையாகப் பூட்டவும், பின் நம்பரைத் தனிச் சில்லில் காக்கவும் பிக்சல் விடுகிறது. பிக்சல் 8 முதல் மெமரி டேகிங் என்ற வன்பொருள் காப்பும் உண்டு. நினைவகத்தில் அத்துமீறி எழுத முயலும் ஆப்பை அந்த இடத்திலேயே நிறுத்தும். வாட்ஸாப்பில் வரும் ஒரு படத்துக்குள் ஒளிந்து வருகிற தாக்குதல் பெரும்பாலும் இந்த அத்துமீறல் வழியாகத்தான் நுழையப் பார்க்கும்.

அன்றாடம் உதவுபவை வேறு. ஆப் நிறுவும்போதே அதற்கு நெட் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். டார்ச் ஆப்புக்கும் கீபோர்டுக்கும் நெட்டை அறுத்துவிடலாம். காண்டாக்ட்ஸ் கொடுத்தால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கும் ஆப்புக்கு, நாம் தேர்ந்த நாலு நம்பரை மட்டும் காட்டி, மொத்தமும் கொடுத்துவிட்டதாக நம்பவைக்கலாம். பிளே ஸ்டோரும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது சிஸ்டத்தின் எஜமானாக இல்லாமல், மற்ற ஆப் மாதிரி நாம் கொடுத்த அனுமதிக்குள் ஓடும். 18 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தால் போன் தானே ரீபூட் ஆகி, நினைவகத்தில் இருந்த குறியாக்கச் சாவிகள் அழிந்துவிடும். களவு போன போனுக்கு இதைவிடப் பெரிய காப்பு இல்லை.

நிறுவுவது உலாவி வழியாகவே நடக்கும். லேப்டாப்பில் 32 ஜி.பி. காலி இடம், 2 ஜி.பி. காலி நினைவகம், ஒழுங்கான கேபிள் வேண்டும். குரோம், எட்ஜ் போன்ற உலாவியைச் சாதாரண ஜன்னலில் திறக்க வேண்டும். இன்காக்னிட்டோவில் இடம் போதாமல் பாதியில் நிற்கும்.

முதலில் போனை அதன் சொந்த அப்டேட்டுகளால் புதுப்பித்துவிடுங்கள். செட்டிங்ஸில் உள்ள பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓ.இ.எம். அன்லாக்கிங்கை ஆன் செய்து, போனை அணைத்து, வால்யூம் டவுனை அழுத்தியபடி ஆன் செய்தால், கணினியிலிருந்து சிஸ்டம் ஏற்றுவதற்கான பாஸ்ட்பூட் திரை வரும். கிராபீனின் நிறுவல் பக்கத்தில் உள்ள பொத்தான்கள் வரிசையாக வழிகாட்டும்: திற, இறக்கு, ஏற்று, பூட்டு. திறக்கும்போது ஒரு முறை, பூட்டும்போது ஒரு முறை என்று போனில் இருப்பது இரண்டு தடவை அழியும். விண்டோஸில் போன் தென்படாவிட்டால், விண்டோஸ் அப்டேட்டின் விருப்ப அப்டேட் பட்டியலில் ஆண்ட்ராய்டு டிரைவர் காத்திருக்கும். ஏற்றும்போது போன் தானே சில முறை ரீபூட் ஆகும், கை வைக்கக் கூடாது. யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நாளில் இதைத் தொடங்காதீர்கள். சார்ஜ் ஏறிய லேப்டாப்தான் நல்லது. முடிந்ததும் மஞ்சள் எச்சரிக்கையோடு ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரம் தெரியும். அதை அவர்கள் தளத்தில் போட்டிருக்கும் சரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் போட்டது அசல். கடைசியாக ஓ.இ.எம். அன்லாக்கிங்கை அணைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லீனியேஜ் ஓ.எஸ்.

சயனோஜன்மாட் என்ற பழைய ரோம் நின்றுபோனபோது, 2016 டிசம்பரில் அதன் வழித்தோன்றலாக வந்தது. நம் ஊர்ப் பக்கம் கையில் இருக்கிற ரெட்மி, போகோ, ஒன்பிளஸ், மோட்டோ வகைகளில் பலவற்றுக்கும் கிடைக்கும். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட போனுக்குப் புது ஆண்ட்ராய்டு கொடுப்பதில் இதற்கு இணை இல்லை. விளம்பரம் இல்லை, தேவையற்ற ஆப் இல்லை, பழைய போன் லேசாகிவிடும்.

ஆனால் பெரும்பாலான மாடல்களில் பூட்லோடர் திறந்தேதான் கிடக்கும். லீனியேஜ் போட்ட ஷாவ்மி (ரெட்மி, போகோ) போனைப் பூட்ட முயன்றால் போன் ஆன் ஆகாத செங்கல் ஆகிவிடலாம். அதை மீட்க கம்பெனியின் அனுமதி பெற்ற சர்வீஸ் கணக்கு வேண்டிவரலாம். இன்னொன்று, லீனியேஜ் தருவது ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும். மோடம், சிப்புக்கான மென்பொருள் கம்பெனி கடைசியாகக் கொடுத்த தேதியிலேயே நின்றுவிடும். செட்டிங்ஸில் இரண்டு தேதிகளும் தனித்தனியே தெரியும், பாருங்கள்.

ஷாவ்மியில் பூட்டைத் திறப்பதே ஒரு காத்திருப்பு. கணக்கை போனோடு இணைக்கும்போது வைஃபையை அணைத்து, சிம்மின் டேட்டாவில் செய்ய வேண்டும். அதன்பின் பல கணக்குகளுக்கு 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். நடுவில் கணக்கை வெளியேற்றி மறுபடி சேர்த்தால் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். விவோ வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், அந்தக் கம்பெனி பூட்டைத் திறக்க வழி தருவதில்லை. சாம்சங்கும் தன் மென்பொருளான ஒன் யு.ஐ.யின் 8ஆம் பதிப்பு முதல் அந்த வழியை எடுத்துவிட்டது.

போனின் ரெக்கவரி என்ற மீட்புத் திரையிலிருந்து சைட்லோடு செய்யும்போது, அதாவது கணினியிலிருந்து கேபிள் வழியே ரோமை ஏற்றும்போது, கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்றுபோனால் பதற வேண்டாம். போன் திரையில் பிழை எதுவும் இல்லையென்றால் முடிந்துவிட்டது என்றே பொருள். கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால், புது சிஸ்டம் முதல் முறை ஆன் ஆகும் முன்பே ஏற்றிவிட வேண்டும். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஏற்றினால் அந்த ஆப்கள் வரிசையாக நின்றுபோகும், மறுபடி எல்லாவற்றையும் அழிக்க வேண்டிவரும்.

இ ஓ.எஸ்.

லீனியேஜை அடியாகக் கொண்டு, கூகுள் சேவைகளுக்குப் பதில் அவற்றின் வேலையைச் செய்யும் மைக்ரோஜி என்ற மாற்று மென்பொருளை வைத்துத் தருவது. பிரான்சில் கேல் துவால் தொடங்கிய திட்டம். ஒவ்வொரு ஆப்பிலும் நம்மை வேவு பார்க்கும் டிராக்கர் எத்தனை இருக்கிறது என்று காட்டி அவற்றைத் தடுக்கும், இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டவும் விடும். கூகுளிடமிருந்து விலகுவது மட்டுமே நோக்கமென்றால் கையாள எளிது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாக வரும். பூட்டிய நிலையில் ஓடும் மாடல்கள் பெரும்பாலும் இங்கே விற்காதவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திருநெல்வேலியில் இருப்பவருக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை.

யு.பி.ஐ. என்ற முட்டுக்கட்டை

வண்ணார்பேட்டையில் டீக்குக் காசு கொடுப்பதிலிருந்து உரக்கடை பாக்கி வரை போனில்தான் ஓடுகிறது. ரோம் மாற்றியவர்கள் ஒரு வாரத்தில் பழைய சிஸ்டத்துக்குத் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.

போனும் சிஸ்டமும் நம்பத்தக்கவையா என்று பார்க்க, ஆப்கள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கேட்கும். அதில் அடிப்படை, சாதனம், வலுவானது என்று மூன்று படி. கிராபீன் அடிப்படைப் படியைத் தாண்டும், சாதனப் படியைத் தாண்டாது. அது பாதுகாப்புக் குறைவால் வந்த தோல்வி அல்ல, கூகுள் சான்றளித்த சிஸ்டம் இல்லை என்பதால் மட்டுமே. லீனியேஜில் பூட்டு திறந்திருப்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எந்த வங்கி எந்தப் படியைக் கேட்கிறது என்பது ஆப்புக்கு ஆப் வேறு, அப்டேட்டுக்கு அப்டேட் மாறும். ஆகவே பழைய போன் கையில் இருக்கும்போதே புதுப் போனில் உங்கள் வங்கி ஆப்பைப் போட்டுச் சோதியுங்கள்.

கிராபீனில் வங்கி ஆப் திறந்ததும் மூடிக்கொண்டால், அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் பொருந்துநிலைப் பொத்தான் ஒன்று இருக்கும், அதை ஆன் செய்து பாருங்கள். வங்கி ஆப்களை மட்டும் தனி யூசருக்குள் பிளே ஸ்டோரோடு வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் முதன்மை யூசரிலிருந்து அந்த யூசருக்கு அழைப்பு, எஸ்.எம்.எஸ். அனுமதி கொடுக்க வேண்டும். யு.பி.ஐ. ஆப் வங்கியில் பதிந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் போனைக் கட்டிக்கொள்கிறது. அனுமதி இல்லையென்றாலும், சிம்மில் எஸ்.எம்.எஸ். போகும் ரீசார்ஜ் இல்லையென்றாலும் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தாலே முரண்டு பிடிக்கும் ஆப்களும் உண்டு.

போன் அழிந்ததும் யு.பி.ஐ.யை முதலிலிருந்து பதிய வேண்டும், முதல் 24 மணி நேரம் அனுப்பும் தொகைக்கும் வரம்பு இருக்கும். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போகிற அண்ணாச்சி திங்கள் ராத்திரி ரோம் மாற்றக் கூடாது. மாற்று வழியாக *99# இருக்கிறது. நெட் வேண்டாம், சாதா போனிலும் ஓடும், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. உங்கள் வங்கி அதில் இருக்கிறதா என்று முன்பே அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட் செய்து, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றி, சான்று பெற்ற போன்களிலிருந்து கசிந்த சாவிகளைப் போட்டு ஆப்பை ஏமாற்றும் வழியை வீடியோக்களில் காட்டுவார்கள். அந்தச் சாவிகளை கூகுள் கண்டுபிடித்து ரத்துசெய்துகொண்டே இருக்கிறது. அதைவிட, வங்கி ஆப் ஓடும் போனில் யாரோ எழுதிய மாட்யூலுக்கு ரூட் உரிமை கொடுப்பது வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது.

தமிழ் தட்டச்சு, சிக்னல்

நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பது கீபோர்டு. கிராபீனிலும் லீனியேஜிலும் உள்ள ஆண்ட்ராய்டின் சாதாக் கீபோர்டில் தமிழ் எழுத்து வரிசை உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் விழும் வசதி இல்லை. அதற்குப் பழகியவர்கள் ஜிபோர்டைப் போட்டு, தமிழ் மொழிப் பொதியை இறக்கிக்கொண்டு, அதன்பின் அதன் நெட் அனுமதியை அறுத்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே வீட்டில் பெரியவர்களுக்கும் கிராபீனைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கிராபீனில் 4ஜி மட்டும் என்று ஒரு நிலை உண்டு. பழைய 2ஜி வழியாக வரும் போலிக் கோபுரத் தாக்குதலை அது அடைக்கும். ஜியோவில் அழைப்புக்கு ஒன்றும் ஆகாது, அவர்களிடம் 2ஜி கிடையாது. ஆனால் பாபநாசத்துக்கு மேலே மலைப்பாதையில் 2ஜி மட்டும் எட்டும் இடத்தில் பி.எஸ்.என்.எல். சிம்மோடு நிற்பவருக்கு அந்த நிலையில் அவசர நேரத்தில் வழக்கமான அழைப்பு போகாது. மலைக்குப் போகும்முன் எடுத்துவிடுங்கள்.

மாற்றாமலே இறுக்குவது

விவோ, ஒப்போ, புது சாம்சங் வைத்திருப்பவர்களுக்கும், அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கும் ரெட்மிக்காரர்களுக்கும் எங்கள் பரிந்துரை இதுதான். பூட்டிய பூட்லோடரைத் திறந்து போடுவதைவிட, பூட்டோடு கொஞ்சம் கண்காணிப்பைச் சகிப்பது மேல். விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். செட்டிங்ஸில் உள்ள பிரைவேட் டி.என்.எஸ்.ஸில் விளம்பரம் தடுக்கும் முகவரி ஒன்றைப் போடுங்கள். ஷாவ்மியில் எம்.எஸ்.ஏ. என்ற விளம்பரச் சேவையின் அனுமதியைத் திரும்பப் பெறுங்கள், முதல் இரண்டு தடவை முடியாது என்று சொல்லும், விடாமல் அழுத்துங்கள். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏ.டி.பி. என்ற கருவி வழியாக வேண்டாத ஆப்களை நீக்கலாம். ஆனால் ஷாவ்மியின் பைண்ட் டிவைஸ் பொதியைத் தொட்டால் போன் ஆன் ஆகாமல் சுற்றும். ஆண்ட்ராய்டு 16 வந்த போனாக இருந்தால் பாதுகாப்பு அமைப்புகளை மொத்தமாக இறுக்கும் அட்வான்ஸ்டு புரொடெக்ஷனை ஆன் செய்யுங்கள்.

பழைய பிக்சல் வாங்கும்போது

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சிம்மைப் போட்டு, நெட்டில் இணைத்து, ஓ.இ.எம். அன்லாக்கிங் பொத்தான் நகர்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் வெரைசன் விற்ற பிக்சலில் அது மங்கலாகவே நிற்கும், அந்தப் போனில் எந்த ரோமும் ஏறாது. ஜியோ சிம்மில் ஒரு அழைப்பும் போட்டுப் பாருங்கள். 7ஏ என்றால் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பேட்டரி வீங்கும் கோளாறுக்காக 2025இல் கூகுளே பழுதுநீக்கத் திட்டம் அறிவித்த மாடல் அது. 6ஏவில் 400 சார்ஜ் சுற்றுக்குப் பின் பேட்டரித் திறனைக் குறைக்கும் அப்டேட் வந்தது. நம் வெயிலுக்கு இரண்டையும் விட்டுவிட்டு 8ஏ பார்ப்பதே சரி. பிக்சல் 8 வரிசை முதல் 7 ஆண்டு அப்டேட், 8ஏவுக்கு 2031 மே வரை. விவோ டிஸ்ப்ளே கிடைக்கும் வேகத்தில் பிக்சல் டிஸ்ப்ளே ஜங்ஷன் கடைகளில் கிடைக்காது, கெட்டியான உறையும் கண்ணாடியும் அன்றே போட்டுவிடுங்கள்.

கிராபீனின் சீட்வால்ட் காப்புநகல் 12 சொற்களைத் தரும், அவை இல்லாமல் நகல் திறக்காது. தாளில் எழுதி இரண்டு வீடுகளில் வையுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறிய தெருக்களில் பீரோவின் கீழ்த்தட்டு எதையும் காக்கவில்லை.

பிடிக்காமல் பழைய ஆண்ட்ராய்டுக்குத் திரும்புகிறவர்கள், கூகுளின் உலாவி வழி நிறுவியைப் பயன்படுத்தலாம். பூட்டும் முன், கிராபீனின் நிறுவல் பக்கத்திலேயே உள்ள பொத்தானால் அவர்களுடைய சாவியைப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.