மன்ஹாட்டன் டோர்மேன் கட்டடங்களில் வீடு தேடுகிறவர்களுக்கு: விளம்பரத்தில் இருப்பது வாடகை அல்ல

மன்ஹாட்டனில் டோர்மேன் (வாசல் காவலர்) உள்ள கட்டடங்களில் ஒற்றைப் படுக்கையறை வீடு தேடுகிறவர்கள், அதிலும் வேலை மாற்றலாகி நியூயார்க்குக்குப் புதிதாக வருகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் பார்த்த விளம்பரத்தில் மாத வாடகை 4,000 டாலர். வீட்டைக் காட்டிய பெண்ணும் கடைசிவரை அந்தத் தொகையைத்தான் சொன்னார். ஒப்பந்தம் கைக்கு வந்தபோது அதில் இருந்தது 4,800. கட்டடத்தின் மேலாண்மை அலுவலகத்தில் கேட்டால், ஓராண்டு ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் இலவசம், பத்து மாத வாடகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், 4,000 வருகிறது என்றார்கள். ‘நெட் எஃபெக்டிவ் ரென்ட்’ என்பது இதன் பெயர். அதற்குள் பழைய வீட்டைக் காலி செய்யத் தேதி கொடுத்திருந்தோம். அது அவர்களுக்கும் தெரியும்.

கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 4,000 விளம்பரத்தைத் தவிர வேறெங்கும் செல்லாது. டெபாசிட் 4,800. ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல் நாற்பது மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். 4,000க்கு 1,60,000 டாலர் போதும், எங்களுக்கு அது இருந்தது. அவர்கள் கேட்டதோ 1,92,000. பற்றாக்குறைக்கு ஈடாக ஒரு ஜாமீன் நிறுவனத்துக்குத் திரும்பி வராத கட்டணம் ஒன்றைக் கட்டவைத்தார்கள். ஆண்டு முடியும் முன் காலி செய்தால் இலவச மாதங்களின் வாடகையையும் திருப்பித் தர வேண்டும் என்று இணைப்புத்தாளில் ஒரு விதி வேறு.

விண்ணப்பத்தோடு ‘நிர்வாகக் கட்டணம்’ என்று சில நூறு டாலர் கேட்டார்கள். மாநிலத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பின்னணி விசாரணைக்கு 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. டெபாசிட்டும் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதியதும் அந்தக் கட்டணம் சத்தமில்லாமல் மறைந்தது. தரகுக் கட்டணம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்: 2025 ஜூன் 11 முதல் நியூயார்க் நகரில், தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கொடுக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் டோர்மேன்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பார்சல்களைப் பத்திரமாக வாங்கிவைத்தார்கள், என் அம்மா வந்திருந்தபோது அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள். வாடகையை முடிவு செய்வது அவர்கள் அல்ல. எங்களிடம் பணம் பறித்தது மேலாண்மை அலுவலகம். உடற்பயிற்சிக் கூடம் பழுதுபார்ப்புக்காகப் பூட்டிக் கிடந்த காலத்துக்கும் வசதிக் கட்டணம் வசூலித்தவர்கள் அவர்கள்தான்.

உண்மையான அடி புதுப்பிக்கும்போது விழுந்தது. ஒப்பந்தம் முடிய ஒரு மாதமே இருந்தபோது கடிதம் வந்தது: புதிய வாடகை 5,040. இலவச மாதம் கிடையாது. ‘ஐந்து சதவீதம்தானே கூட்டியிருக்கிறோம்’ என்றார்கள். எங்கள் கையிலிருந்து மாதச் சராசரியாகப் போனது 4,000. அதோடு ஒப்பிட்டால் உயர்வு 26 சதவீதம்! எங்களை உள்ளே இழுக்க ஒரு தொகை, பிறகு கணக்கிட இன்னொரு தொகை. இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

அந்த ஐந்து சதவீதத்திலேயே அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வாடகையை ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ கூட்டுவதானால், எங்களைப்போல் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால், அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து அந்த 60 நாள் கழியும்வரை பழைய வாடகையே தொடரும். இதை எழுதி அனுப்பியபின் ஒப்புக்கொண்டார்கள்.

நீங்கள் கையெழுத்திடும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் எழுதப்படும் வாடகை எவ்வளவு, இலவச மாதங்கள் எவை, புதுப்பிக்கும்போது எந்தத் தொகையிலிருந்து கூட்டுவீர்கள், வசதிக் கட்டணம் கட்டாயமா? வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். வீடு ‘ரென்ட் ஸ்டெபிலைஸ்டு’ வகையா என்றும் கேளுங்கள். வரிச்சலுகை பெற்ற புதிய கட்டடங்களிலும் அத்தகைய வீடுகள் உண்டு. அவற்றில் உயர்வின் உச்சவரம்பை நகரின் வாடகை வழிகாட்டு வாரியம் நிர்ணயிக்கிறது. குடியேறியபின், அந்த வீட்டின் வாடகை வரலாற்றை மாநில வீட்டுவசதித் துறையிடமிருந்து நீங்களே வாங்கிப் பார்க்கலாம்.

நாங்கள் காலி செய்கிறோம். போகும் முன் எங்களையும் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்வையிட வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். அது வாடகைதாரரின் உரிமை. வெளியேறிய 14 நாட்களுக்குள், பிடித்தம் இருந்தால் இனவாரியான பட்டியலுடன், டெபாசிட் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் 10,000 டாலர் வரையிலான வழக்குகளை ஏற்கும் நகரின் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறோம். புகைப்படங்கள், மின்னஞ்சல்கள், அந்த விளம்பரத்தின் நகல் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன.