ஃபோர்ட் 7.3 டீசல் ட்ரக்குக்கு ஸ்ரான்கோர் 586-902 றிலே: ஒரு பனிக்காலம் பாவித்த பிறகு

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-250, 7.3 லீற்றர் பவர் ஸ்ட்ரோக் டீசல். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிளாசாக்களுக்குப் பனி தள்ளுகிற வேலை முழுக்க இந்த ட்ரக்கை நம்பித்தான். நாவிஸ்டார் நிறுவனம் 1994 முதல் 2003 வரை ஃபோர்டுக்குச் செய்து கொடுத்த இந்த எஞ்சினைப் போல உழைக்கிற எஞ்சின் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் குளிரில் ஸ்ரார்ட் ஆவதற்கு, சிலிண்டருக்குள்ளே சூடு கொடுக்கிற சின்ன ஹீற்றர்களான க்ளோ பிளக் எட்டும் சூடாக வேண்டும். அந்த எட்டுக்கும் கரண்ட் விடுவது ஒரேயொரு றிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிச். அது படுத்தால் ட்ரக்கும் படுத்துவிடும்.

நான் இங்கே எழுதுவது ஸ்ரான்கோர் 586-902 என்ற றிலேயைப் பற்றி. இதை வாங்க முதல் உங்கள் ட்ரக்கில் பிழை றிலேயில்தானா என்று பார்க்க வேண்டும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பார்க்காமல் காசைக் கொட்டியவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

வீட்டில் நிறுத்தும்போது இரவில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற பிளொக் ஹீற்றரை வீட்டு மின்சாரத்தில் செருகி விடுவேன். இந்த எஞ்சினில் அது 1000 வாற். அது இருக்கும்வரை க்ளோ பிளக் வேலை செய்யாவிட்டாலும் எஞ்சின் பிடித்துவிடும், ஒன்றும் தெரியவராது. ஜனவரியில் மார்க்கம் றோட்டில் ஒரு பிளாசாவில் ட்ரக்கை இரவு விட்டுவிட்டு, விடிய மூன்று மணிக்குத் திறப்பைத் திருப்பினால், நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கிற டீசல் மணம். அந்தப் புகை நல்ல சாட்சி. டீசல் உள்ளே போகிறது, எரிவதற்குச் சூடு இல்லை என்பதை அது சொல்லிவிடும். புகையே இல்லாமல் சுற்றினால் கதை வேறு. அப்போது க்ளோ பிளக்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாராவது ஈதர் ஸ்ப்ரேயோடு உதவிக்கு வந்தால் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எரிகிற க்ளோ பிளக்கில் ஈதர் பட்டால் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், முகத்திலும் அடிக்கலாம்.

டாஷ்போர்டில் வருகிற ‘வெயிட் டு ஸ்ரார்ட்’ லைற்றை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அந்த லைற் ஒழுங்காக வந்து ஒழுங்காக அணையும். ஆனால் க்ளோ பிளக் சூடானதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு நேரம் கரண்ட் விடுவது என்பதை எஞ்சின் ஒயிலின் சூட்டையும் காற்றழுத்தத்தையும் பார்த்து ட்ரக்கின் கொம்பியூட்டர்தான் தீர்மானிக்கிறது. கடுங்குளிரில் அது 120 செக்கன் வரை போகும். லைற் அதற்கு எவ்வளவோ முன்பே அணைந்துவிடும். அதனால் றிலே நல்லதாக இருந்தாலும், லைற் அணைந்த பிறகு இன்னும் இருபது, முப்பது செக்கன் பொறுத்துத்தான் நான் திறப்பைத் திருப்புவேன்.

என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் அன்று பொனற்றுக்குள் தலையை விட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அண்ணை, டிக் எண்டு சத்தம் வருகுது. றிலே வேலை செய்யுது.”

“சத்தம் வந்தால் காணாது தம்பி. அங்காலே கரண்ட் போகுதோ எண்டு பார்.”

சத்தம் வருவது உள்ளே இருக்கிற கொயில், அதாவது மின்காந்தச் சுருள், இழுப்பதால். கொயில் நன்றாக இருக்கும், ஆனால் பெரிய கரண்ட் பாய்கிற செப்புத் தட்டு கருகிப் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சாதாரண வோல்ற் மீற்றர் ஒன்று காணும். றிலே இருப்பது எஞ்சினின் மேலே, பயணி இருக்கிற பக்கமாக, டீசல் ஃபில்டர் கிண்ணத்துக்குப் பின்னால். சில ட்ரக்குகளில் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றும் இருக்கும், அது உள்ளே போகிற காற்றைச் சூடாக்குகிற ஹீற்றருக்கு. தடித்த வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் மேல் மூடியாக இருக்கிற வால்வ் கவருக்கும் பிரிந்து போனால் அதுதான் க்ளோ பிளக் றிலே.

பெரிய முனை இரண்டு. ஒன்றில் எந்த நேரமும் பற்றரியின் 12 வோல்ற் நிற்கும். மற்றது க்ளோ பிளக்குகளுக்குப் போகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறப்பை ‘ஒன்’னில் வைத்து, முதலில் பற்றரிப் பக்க முனையையும் பிறகு மற்ற முனையையும் அளக்க வேண்டும். எட்டுப் பிளக்கும் இழுக்கும்போது பற்றரிப் பக்கமே பதினொன்று சொச்சத்துக்கு இறங்கும், அது பிழையில்லை. பார்க்க வேண்டியது இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தை. அரை வோல்ற்றுக்கு மேல் போனால் றிலேயின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடையதில் ஒரு பக்கம் 11.6, மறு பக்கம் 7.2. அந்த 4.4 வோல்ற்றும் றிலேக்குள்ளேயே சூடாகிப் போய்க்கொண்டிருந்தது. தொட்டுப் பார்க்க முடியாத சூடு.

சத்தமே வராவிட்டால் சின்ன முனைகளைப் பாருங்கள். திறப்பு ‘ஒன்’னில் இருக்கும்போது ஒன்றில் 12 வோல்ற் வர வேண்டும். மற்றதைக் கொம்பியூட்டர் பூமிக்கு, அதாவது பற்றரியின் மைனஸ் பக்கத்துக்கு, இணைக்கும். அந்த முனையை ஒரு வயரால் நீங்களே பூமிக்குத் தொட்டுவிட, றிலே டிக்கென்று இழுத்தால், றிலேயைக் குறை சொல்ல முடியாது. பிழை வயரில் அல்லது கொம்பியூட்டர் பக்கத்தில்.

றிலே சரியாக இருந்தும் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் க்ளோ பிளக்குகளைப் பார்க்க வேண்டும். வால்வ் கவரில் இருக்கிற கனெக்டரைக் கழற்றினால் ஒன்பது முனை தெரியும். இரண்டு கரையிலும் இருக்கிற இரண்டிரண்டும் க்ளோ பிளக்குக்கு, நடுவில் இருப்பவை டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கரை முனைகளைப் பூமியோடு அளந்தால் 2 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அந்தக் கனெக்டரே உருகிப் போகிற வழக்கமும் இந்த எஞ்சினில் உண்டு, அதையும் ஒருக்கால் வடிவாகப் பாருங்கள்.

என் ட்ரக்கில் அசல் றிலே நீண்ட காலம் நன்றாக உழைத்தது, அதில் ஒரு குறையும் இல்லை. அது முடிந்தபோது ஒரு பாகக்கடையில், பெயர் வேண்டாம், “இதுவும் அதுதான்” என்று விலை குறைந்த ஒன்றை எடுத்துத் தந்தார்கள். ஒரு பனிக்காலம் கூடத் தாங்கவில்லை. அதைக் கழற்றி மூடியை அரிந்து பார்த்தேன். செப்புத் தட்டின் விளிம்பு முழுக்கக் குழி குழியாக, அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு. கொயிலின் கம்பியும் தவிட்டு நிறமாக வெந்து போயிருந்தது. அது ஸ்ரார்ட்டருக்குப் போடுகிற வகை. சில செக்கன் இழுத்துவிட்டு ஓய்வதற்குச் செய்தது. தொடக்கத்தில் 200 ஆம்பியருக்குக் கிட்டப் பாய, இரண்டு நிமிடம் தொடர்ந்து இழுக்க விட்டால் கொயிலும் வேகும், தட்டும் கருகும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்பதுதான் வில்லங்கம்.

ஸ்ரான்கோர் 586-902 தொடர்ந்து வேலை செய்யவென்றே செய்தது. 12 வோல்ற், 200 ஆம்பியர் தொடர்ச்சியாகத் தாங்கும். 7.3 வைத்திருப்பவர்கள் மத்தியில் இதற்கு நல்ல பெயர் உண்டு, கையில் எடுத்ததும் காரணம் தெரிந்தது. பழையதை விடப் பெரிது, பாரமும் கூட. விலை மலிவு ரகத்தை விட அதிகம்தான், ஆனால் அந்த ரகத்தை இரண்டு தரம் வாங்குவதை விட இது லாபம்.

பூட்டுவது பெரிய வேலையில்லை. முதலில் இரண்டு பற்றரியின் மைனஸ் வயரையும் கழற்றுங்கள். இரண்டையும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பற்றரிகள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை, ஒன்றை மட்டும் கழற்றினால் றிலேயின் பெரிய முனையில் அப்போதும் உயிர் இருக்கும். ஸ்பனர் பூமியில் பட்டால் உருகிவிடும். அளவு அச்சொட்டாகப் பொருந்தாது. என் ட்ரக்கில் றிலேயைப் பிடித்திருக்கிற தகட்டின் துளை ஒன்றை உருண்டை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினேன். வயர்கள் எட்டின, நீட்ட வேண்டியிருக்கவில்லை. வயர்களின் நுனி வளையங்களை உப்புத்தாளால் மினுங்கத் தேய்த்துவிட்டுத்தான் இறுக்கினேன். புது றிலே போட்டும் வோல்ற் குறைகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள் என்றே நினைக்கிறேன்.

பூட்டியதும் அளந்தேன்: பற்றரிப் பக்கம் 11.4, க்ளோ பிளக் பக்கம் 11.3. அன்றிரவு பிளொக் ஹீற்றரை வேண்டுமென்றே செருகாமல் விட்டேன். காலையில் மைனஸ் 17. லைற் அணைந்து அரை நிமிடம் பொறுத்துத் திருப்ப, இரண்டு சுற்றில் பிடித்தது, புகையும் கொஞ்ச நேரத்தில் நின்றது. அதன் பிறகு மார்ச் முடியும்வரை ஒரு நாளும் என்னை வீதியில் விடவில்லை. வசந்தம் வந்ததும் திரும்ப அளந்தபோதும் அதே 0.1 வோல்ற் வித்தியாசம்தான்.

குறை என்று சொன்னால், முனைகளுக்கு மூடி வராதது. ஒன்ராறியோவின் வீதி உப்பில் மூடாத செப்பு பச்சை பிடித்துவிடும். அதோடு பொனற்றைத் திறந்து வேலை செய்யும்போது எந்த நேரமும் கரண்ட் நிற்கிற முனை வெறுமையாக இருப்பதும் நல்லதில்லை. பற்றரி வயருக்கு வருகிற றப்பர் தொப்பிகள் இரண்டைத் தேடி மாட்டிவிட்டேன், சின்ன முனைகளுக்குக் கிறீஸ் பூசினேன். இந்த விலைக்கு அவற்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கலாம்.

கலிபோர்னியா புகைச் சட்டத்துக்கென்று வந்த 7.3 ட்ரக்குகளில் இந்த றிலே கிடையாது, அதற்குப் பதிலாகத் தனியாக ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும். உங்களுடையது அப்படியென்றால் இதை வாங்காதீர்கள். மற்றவர்கள் கடையில் ‘க்ளோ பிளக் றிலே’ என்று மட்டும் கேட்காமல் 586-902 என்று இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், தருவதில் அதே இலக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.