பழைய வீட்டின் மின்பலகை: ஃபியூஸா, எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா?

குமரி மாவட்டத் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் குடும்ப வீடு ஓடு வேய்ந்தது. இணைப்பு வாங்கிய காலத்தில் அங்கே எரிந்தவை சில பல்புகளும் ஒரு மின்விசிறியும்தான். இன்று அதே சுவர்களுக்குள் ஃபிரிட்ஜ், கிரைண்டர், கிணற்று மோட்டார், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் கீழிருந்த பீங்கான் ஃபியூஸ் கேரியரை உருவிப் பார்த்தபோது, ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று செப்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பீங்கானின் உட்புறம் பழுப்பேறி, திருகைச் சுற்றி வயரின் ரப்பர் உறை தொட்டவுடன் பொடிந்து உதிர்ந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்பது அப்போதே தெளிவாயிற்று. எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் வீட்டில் கருத்து வேறுபாடு.

ஃபியூஸே போதும் என்பவர்களின் வாதத்தை முதலில் முடித்துவிடலாம். சரியான கம்பி போட்டாலும்கூட, இந்த வகை ஃபியூஸ் தன் அளவைப்போலச் சுமார் இரு மடங்கு மின்னோட்டம் வந்த பிறகே உருகும். அதற்குள் மச்சுப் பலகையை ஒட்டிச் செல்லும் வயர் சூடேறிவிடும். அதோடு, இரவில் ஃபியூஸ் போனால் கைக்குக் கிடைத்த கம்பியைக் கட்டும் பழக்கத்தை எந்த அறிவுரையாலும் நிறுத்த முடிவதில்லை.

எம்.சி.பி. என்பது மின்னோட்டம் மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்; அது இந்தக் குறையைத் தீர்க்கிறது. தன் அளவைப்போல 1.45 மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழுந்தாக வேண்டும். ஷார்ட் சர்க்யூட் என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். ஆனால் இங்கே ஒரு தவறு வீடு வீடாக நடக்கிறது. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த வயர்மேனும் அடுக்களை சர்க்யூட்டுக்கு அதையே எழுதித் தந்தார். எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானிப்பது நாம் வாங்கும் சாதனம் அல்ல, சுவருக்குள் கிடக்கும் வயர். செப்பு வயரில் 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16 அல்லது 20, 4-க்கு 25 என்பது பாதுகாப்பான கணக்கு. பழைய அலுமினிய வயர் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதற்குத் தனியாக 2.5 வயர் இழுப்பதே முறை.

எம்.சி.பி.யோடு நின்றுவிட நான் ஒப்பவில்லை. ஈரக்கையோடு கசிவுள்ள கிரைண்டரைத் தொடுபவரின் உடலில் பாயும் மின்னோட்டம் 0.2 ஆம்பியர் அளவில் இருக்கலாம். உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது கணக்கிலேயே வராது. அதைக் கண்டுகொள்வது ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுமையாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டிக்கிறது. எர்த் வயரே இல்லாத பழைய இரண்டு வயர் வீட்டிலும் இது வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால், கசிவு ஏற்பட்ட கணமே விழும். இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகே விழும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே பலகையோடு சேர்த்துப் புதிய எர்த் குழியும் வெட்டச் சொல்வேன். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைத் தடுக்காது என்பதால் எம்.சி.பி.களும் உடன் இருக்க வேண்டும்.

வீடு முழுமைக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போடுவதா, சர்க்யூட்டுக்கு ஒன்றாக, எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. போடுவதா என்பதே உண்மையான போட்டி. முன்னதில் செலவு குறைவு. ஆனால் நம் மாவட்டத்தில் ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் ஆக ஆண்டுக்கு இரு பருவங்கள் சுவரை நனைக்கின்றன. வெளிவராந்தா சுவிட்சில் ஈரம் இறங்கினால் வீடு முழுவதும் இருண்டுவிடும். ஆளில்லாத நாளில் அது நடந்தால் ஃபிரிட்ஜில் வைத்த மீன் வீணாகும். ஆர்.சி.பி.ஓ. ஓவர்லோடையும் கசிவையும் ஒருங்கே பார்ப்பதால் பழுதான சர்க்யூட் மட்டுமே நிற்கும். பழுது எங்கே என்பதும் உடனே தெரியும். விலை பல மடங்கு, பெட்டியும் பெரிதாகும். பழைய வயரிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெவ்வேறு சர்க்யூட்டில் உள்ள இரண்டு அறைகள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்தால் ஆர்.சி.பி.ஓ.வும், இன்வர்ட்டர் சர்க்யூட்டின் நியூட்ரல் வேறிடத்தில் இணைந்திருந்தால் இரண்டு வகையும் கசிவே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். அப்போது சாதனத்தைப் பழித்து அதைக் கழற்றிவிடாமல், நியூட்ரல்களைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

த்ரீ பேஸ் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்ற யோசனையும் வந்தது. பெரிய மோட்டாரோ, பல ஏ.சி.களோ உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுவது சாதாரணமான ஊரில், நியூட்ரல் மட்டும் அறுந்தால் 230 வோல்ட் சாதனங்கள் சிலவற்றுக்கு 400 வோல்ட் வரை போய்விடக்கூடும். தேவையில்லாமல் அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. எதுவானாலும் மீட்டரின் முத்திரையை நாம் தொடக்கூடாது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சப்ளையை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். அடுக்களை, குளியலறை, கிணற்று மோட்டார், ஃபிரிட்ஜ் ஆகிய நான்குக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ.; விளக்கும் விசிறியும் உள்ள சர்க்யூட்டுகள் ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ். இன்வர்ட்டர் வகை மோட்டார்களும் இண்டக்ஷன் அடுப்பும் இருப்பதால் சாதாரண மாறுமின் கசிவை மட்டும் உணரும் 'ஏ.சி.' வகையை விட்டு, அத்தகைய சாதனங்களின் துடிப்பு நேர்மின் கசிவையும் உணரும் 'ஏ' வகையைக் கேட்டு வாங்கினோம். மாதத்தின் முதல் நாள் டெஸ்ட் பட்டனை அழுத்தி, ஒவ்வொன்றும் விழுகிறதா என்று பார்க்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.