டேக்டிக்ஸ் புதிரா, என்ட்கேமா: ஒரு மணி நேரத்தை எதில் போடுவது?

செஸ்ஸுக்கு தினம் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், நேரம் டேக்டிக்ஸுக்கா (சில நகர்த்தல்களில் காயைப் பறிக்கும், மேட் கட்டும் தந்திரங்கள்), என்ட்கேமுக்கா (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்)? இரண்டையும் ஒரே விதமாகப் படிப்பதுதான் பலருடைய கோளாறு. டேக்டிக்ஸ் கண் பழக வேண்டிய விஷயம். பத்து நாள் விட்டால் துருப்பிடிக்கும். அடிப்படை என்ட்கேம் அப்படியில்லை. காரணத்தோடு ஒருமுறை புரிந்துவிட்டால் தங்கிவிடும்.

ஆரம்ப நிலையில் தோல்விகள் பெரும்பாலும் காவல் இல்லாத காயை இழப்பதிலும், குதிரையின் ஃபோர்க்கிலும் (ஒரே காய் இரண்டு காய்களை ஒருசேர மிரட்டுவது), கடைசி வரிசை மேட்டிலும்தான் வரும். ஆட்டம் என்ட்கேமுக்கே போகாது. அதனால் முதல் சில மாதங்களுக்கு டேக்டிக்ஸுக்கே என் ஓட்டு. எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

3 நிமிட ஓட்டப் புதிர்கள் (செஸ்.காமின் பசில் ரஷ், லிசெஸ்ஸின் பசில் ஸ்டார்ம்) ஏற்கெனவே தெரிந்த வடிவத்தைச் சட்டென்று பார்க்கப் பழக்கும். புதிதாக எதையும் சொல்லித்தராது. மெதுவான புதிர் வேறு ரகம்: எதிராளியின் சிறந்த பதில் வரை மனசுக்குள் முழுக்கப் போட்டுப் பார்த்த பிறகே காயைத் தொட வேண்டும். முதல் நகர்த்தல் ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்று தட்டிவிட்டுப் பச்சை டிக் வாங்கினால், ரேட்டிங் ஏறும், கணக்கிடும் திறன் ஏறாது. தப்பானால் ஏன் என்று பிரியுங்கள். யோசனையே கண்ணில் படவில்லையா, அல்லது எதிராளியின் பதிலை விட்டுவிட்டீர்களா? முதலாவதற்கு அதே தலைப்பில் இன்னும் இருபது புதிர். இரண்டாவதற்கு வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. தப்பியவற்றை ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள்.

தலைப்புவாரிப் புதிரில் ஒரு ஓட்டை உண்டு. மேலே ‘பின்’ (pin: நகர்ந்தால் பின்னாலுள்ள பெரிய காய் பறிபோகும் கட்டு) என்று எழுதியிருந்தால் பாதி விடை கொடுத்தாயிற்று. வடிவம் பிடிபட்டதும் கலவைக்கு மாறிவிடுங்கள். கலவைப் புதிரும்கூட ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று காட்டிக்கொடுக்கிறது. சொந்த ஆட்டத்தில் அந்தக் குறிப்பு வராது. செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரு பக்கமும் பார்க்கும் பழக்கம்தான் அந்த இடைவெளியை அடைக்கும்.

இனி என்ட்கேம். வெள்ளை ராஜா இ5 (e நெடுவரிசையின் 5-வது கட்டம்), வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. கறுப்பின் முறை என்றால் வெள்ளை ஜெயிக்கும்; வெள்ளையின் முறை என்றால் டிரா. கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால் வழிவிட்டே ஆக வேண்டும்: அது டி7 போனால் வெள்ளை எஃப்6 ஏறிவிடும். ராஜா சிப்பாயை முந்தி 6-வது வரிசைக்குப் போய்விட்டால் (ஓரச் சிப்பாய் தவிர) ஜெயம் உறுதி. இப்போது அதே சிப்பாயை இ3-ல் வையுங்கள். வெள்ளையின் முறையானாலும் இ4 என்று தள்ளி, முறையைக் கறுப்பின் தலையில் கட்டிவிடலாம். அவசரப்பட்டு முன்பே சிப்பாயைத் தள்ளியவரிடம் இந்த உபரி நகர்த்தல் இருக்காது. ‘இ4 சரியான விடை’ என்று புதிர் மாதிரி மனப்பாடம் செய்தவர், அடுத்த ஆட்டத்தில் சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்றாலே தடுமாறுவார்.

யானை என்ட்கேமிலும் இதே கதை. ஃபிலிடோர் தற்காப்பு என்பது, இரு பக்கமும் ஒரு யானை இருக்க, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதலான நிலையில் கறுப்பு டிரா பிடிக்கும் முறை. அதில் கறுப்பான உங்கள் ராஜா அந்தச் சிப்பாயின் முன்னால் நிற்க, யானை 6-வது வரிசையைக் காத்து எதிரி ராஜாவை மேலே ஏறவிடாது. சிப்பாய் 6-க்கு வந்த அந்தக் கணமே யானை 1-வது வரிசைக்கு ஓடி, பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராஜா ஒளிய வேண்டிய கட்டத்தில் இப்போது சிப்பாய் உட்கார்ந்திருக்கிறது. முன்கூட்டியே யானையைக் கீழே இறக்குவதுதான் வழக்கமான தப்பு. அப்போது ராஜா முதலில் 6-வது வரிசைக்கு ஏறி, சிப்பாயைப் பின்னால் வைத்துக்கொள்ளும்.

இதைப் படித்தால் மட்டும் நிற்காது. எஞ்சினுக்கு (செஸ் ஆடும் கணினி நிரல்) எதிராகத் தற்காக்கும் பக்கம் அமர்ந்து ஐந்து முறை ஆடுங்கள். பிறகு டேபிள்பேஸில் (காய் குறைந்த நிலைகளின் முடிவை முழுக்கக் கணக்கிட்டு வைத்த தரவுத்தளம்) சரிபாருங்கள். 2018-ல் முடிந்த சிசிஜி டேபிள்பேஸ், ராஜாக்களையும் சேர்த்து 7 காய் வரையிலான நிலைகளுக்குத் தீர்ப்பு சொல்லும். எந்த நகர்த்தலில் ஜெயம் டிராவாக மாறியது என்று அதில் அப்பட்டமாகத் தெரியும். புதிர் தளத்தின் சிவப்புக் குறி இவ்வளவு சொல்லாது.

வாரம் ஆறு மணி நேரம் என்றால் ஆரம்பத்தில் ஐந்து டேக்டிக்ஸுக்கு, ஒன்று என்ட்கேமுக்கு. ஆட்டங்கள் 40 நகர்த்தல் தாண்டத் தொடங்கியதும் நான்கு, இரண்டு. பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் கட்டுவதை இப்போதைக்கு விடலாம்: அதிகபட்சம் 33 நகர்த்தலில் முடியும் என்றாலும், ஆட்டத்தில் வருவது அபூர்வம். நகர்த்தலுக்குக் கூடுதல் நொடி சேராத பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்) மட்டுமே ஆடுபவர் என்றால் லூசெனா பாலத்தையும் (யானை என்ட்கேமில் சிப்பாயை ராணியாக்கி ஜெயிக்கும் முறை) தள்ளிப்போடலாம். அதைக் கட்டிமுடிக்கும் முன்பே கடிகாரம் விழுந்துவிடும்.