லினக்ஸ் போனும் நானும், 2 வருடம் கழித்து

பெங்களூரில் 2 வருடமாக லினக்ஸில் ஓடுகிற ஒரு திறந்த வன்பொருள் போன்தான் (அதாவது உள் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்) என் சட்டைப்பையில். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, என் புலம்பலில் பாதி போனைப் பற்றியதே இல்லை.

பணம் கொடுப்பதில்தான் பெரிய தலைவலி. யுபிஐ செயலிகள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்தான் வருகின்றன, லினக்ஸுக்கு இல்லை. வேடிராய்ட் போட்டு லினக்ஸுக்குள்ளேயே ஆண்ட்ராய்டை ஓட்டலாம், ஆனால் அது திறப்பதற்குள் காபி ஆறிவிடும், திறந்தாலும் சிம்மைச் சரிபார்க்கிற இடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு சிம் கண்ணிலேயே படாது. சரி, செயலியும் இணையமும் இல்லாமல் எண்களை அழுத்தியே பணம் அனுப்ப *99# இருக்கிறதே என்று வீம்பாக ஆரம்பித்தேன். ஜெயநகரில் நின்றபடியே சாப்பிடுகிற ஒரு தர்ஷினி ஓட்டலில் பின்னால் ஆறு பேர் நிற்க, 15 ரூபாய் டீக்கு நான் மெனுவில் எண் எண்ணாக அழுத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இப்போது கையில் சில்லறை, மெட்ரோவுக்குக் கார்டு, வீட்டு டிராயரில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு. (ஆமாம், போங்காட்டம்தான்.)

அழைப்புகள் பரவாயில்லை. 4ஜியிலேயே பேசவைக்கும் வோல்ட்இ வேலை செய்ய, நெட்வொர்க்கோடு பேசும் சிப்பான மோடத்தின் அமைப்பை நானே மாற்ற வேண்டியிருந்தது, இரண்டு சாயங்காலம் போனது. சார்ஜ் மிச்சம் பிடிக்க போன் தூங்கிவிடும், அழைப்பு வந்தால் மோடம் அதை எழுப்ப வேண்டும். முதலில் ஐந்தாவது ரிங்கில் எழும், அப்டேட்கள் வந்தபின் இரண்டாவதில். ஊரிலிருந்து கூப்பிடும் அம்மாவுக்கு அது இன்னும் தூங்குமூஞ்சி போன்தான்.

திறந்தது என்று சொன்னாலும் மோடத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் மூடிய ஃபர்ம்வேர், அதாவது வெளியே யாரும் பார்க்க முடியாத உள் மென்பொருள். 2007ல் ஓபன்மோக்கோவின் நியோ 1973 என்ற லினக்ஸ் போன் வந்தபோதே இந்த முடிச்சு இருந்தது. பின்னால் வந்த பைன்போன், லிப்ரெம் 5 என்ற லினக்ஸ் போன்களில் மோடத்தைப் பிராசஸரிலிருந்து பிரித்து யுஎஸ்பி வழியாக இணைத்து, அணைக்கத் தனி சுவிட்சும் வைத்தார்கள். முடிச்சு அவிழவில்லை, ஓரமாக ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். இந்த வகை போன் எல்லோர் கைக்கும் வரும் என்று இனி நான் வாதாட மாட்டேன். ஆனால் என் அடுத்த போனும் இந்த வகைதான், காரணம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு.

போன மழைக்காலத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. அங்கே ஒரு சின்னக் கடை, ரிப்பேர் செய்கிற தம்பி கிருஷ்ணகிரிக்காரர். "என்னண்ணா இது, சைனா மாடலா? போர்டு தெரியாம கை வைக்க முடியாதுண்ணா" என்றார். சர்க்யூட் வரைபடம் முழுசாக இருக்கிறது என்று லேப்டாப்பைத் திறந்து பிடிஎஃப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மற்ற போன்களுக்கு இதையெல்லாம் காசு கொடுத்து, அதுவும் கசிந்த காப்பியாகத்தான் வாங்குகிறாராம். மீட்டரை வைத்துப் பார்த்து, ஷார்ட் ஆன ஒரு கெப்பாசிட்டரை அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். 200 ரூபாய்.

கிளம்பும்போது அந்தப் பிடிஎஃப்பைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். இந்த மாடல் இன்னொன்று உங்கள் கடைக்கு வரவே வராது தம்பி என்றேன்.

"இருக்கட்டும்ணா, அனுப்புங்க."