குழந்தைகளோடு டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு: எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த சீட்?

டோக்கியோவில் சில நாள், கியோட்டோவில் சில நாள் என்று போடும் குடும்பப் பயணத்தில் நடுவில் வருவது டோக்கைடோ ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில். 1964 அக்டோபர் 1 முதல் ஓடும் தடம் இது. கியோட்டோவுக்கு, இந்தத் தடத்தில் மிக வேகமான நொசோமி வண்டியில் சுமார் 2 மணி 15 நிமிடம். நேரம் தவறாமை, சுத்தம், கால் நீட்ட இடம், எதிலும் குறை சொல்ல வழியில்லை. ஆனாலும் குழந்தைகளோடு ஏறும் பல குடும்பங்கள் இறங்கும்போது களைத்துப்போய்த்தான் இறங்குகின்றன. டிக்கெட் எடுக்கும்போது தவறவிட்ட சின்னச் சின்ன விஷயங்கள்தான் காரணம். ஏறிய பிறகு அவற்றைச் சரிசெய்ய முடியாது.

முதலில் காசு. சாதாரண நாளில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, நொசோமியில் முன்பதிவு சீட்டோடு பெரியவருக்கு 14,170 யென். சீசனைப் பொறுத்துச் சில நூறு யென் ஏறும், இறங்கும். 6 முதல் 11 வயது வரை பாதி. பத்து யெனுக்குக் கீழே வரும் சில்லறையைத் தள்ளிவிடுவார்கள் என்பதால் 7,080 யென் ஆகும். 12 வயதானால் முழு டிக்கெட். 1 முதல் 5 வயது வரை, தனி சீட் கேட்காத வரை, கட்டணம் கட்டும் ஒருவருக்கு இரண்டு குழந்தைகள் வரை இலவசம். மூன்றாவது குழந்தைக்குப் பாதி டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கும் மடியில் இருக்கும்வரை ஒன்றும் இல்லை.

"இலவசம்" என்ற வார்த்தையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இலவசம் என்றால் மடியில் என்று அர்த்தம். நாலரை வயதுப் பிள்ளையை இரண்டே கால் மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் கால் மரத்துப்போகாது? பக்கத்து சீட் காலியாக இருக்கும் என்று நம்பி ஏறுவார்கள். அடுத்து வரும் ஷினகாவாவிலோ ஷின்-யோகோஹாமாவிலோ அந்த சீட்டுக்கு உரியவர் வந்து நிற்பார். தனி சீட் வேண்டுமென்றால் சின்னப் பிள்ளைக்கும் அந்த 7,080 யென் கட்டியாக வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய குழந்தைக்கு அதைக் கட்டிவிடுவதுதான் நல்லது. பயணம் முழுவதிலும் இதைவிட உருப்படியான செலவு வேறில்லை.

இரண்டு பெரியவர்கள், ஒன்பது வயதில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் சீட் போட்டால் ஒரு வழிக்கு 42,500 யென், போய்வர 85,000. இதே குடும்பம் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் எடுத்தால்? 2023 அக்டோபரில் அந்தப் பாஸ் ஒரேயடியாக ஏறி, பெரியவருக்கு 50,000 யென் ஆனது. நான்கு பேருக்கும் சீட் கிடைக்கிற மாதிரி பாஸ் வாங்கினால் 1,50,000 யென். அதோடு போகாது, பாஸை வைத்து நொசோமியில் ஏற வேண்டுமானால் தனிக் கூடுதல் கட்டணம் வேறு. கூடுதல் கட்டாமல் ஏறக்கூடியவை, அதிக ஸ்டேஷன்களில் நின்று போகும் ஹிக்காரி, கொடாமா வண்டிகள்தான். ஹிரோஷிமாவரை போய்த் திரும்பினாலும் பெரியவருக்கு 39,520 யென்தான் வரும். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் வாங்குவது இன்றைக்குக் கட்டுப்படியாகாது. கட்டணங்கள் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இனி சீட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வண்டிக்கு 16 பெட்டி. சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஐந்து சீட்: ஒரு பக்கம் ஏ, பி, சி என மூன்று; நடைபாதைக்கு அந்தப் பக்கம் டி, இ என இரண்டு. மூன்று பேர் என்றால் ஏ-பி-சி. நடுவிலிருக்கும் பி மற்றவற்றைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலம், 46 சென்டிமீட்டர். நடுவில் மாட்டிக்கொள்பவருக்கு ஒரு சின்ன ஈடு. ஐந்து பேர் என்றால் ஒரே வரிசை முழுக்க. நான்கு பேர் என்றால் டி-இ சீட்டுகளை அடுத்தடுத்த இரண்டு வரிசையில் போடுங்கள். ஏனென்றால் இந்த சீட்டுகள் சுழலும். நடைபாதை ஓரமாக, சீட்டின் அடியில் காலால் அமுக்கும் ஒரு பெடல் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு சீட்டின் முதுகைப் பிடித்துத் தள்ளினால் ஜோடி சீட் அப்படியே திரும்பிப் பின்வரிசையைப் பார்த்து நிற்கும். சாய்வை முன்னதாகவே நிமிர்த்திவிட வேண்டும். சாய்ந்த சீட் திரும்பும்போது இடிக்கும். குழந்தைகளின் கையும் காலும் விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள். நால்வரும் எதிரெதிரே உட்கார்ந்ததும் வீட்டுக் கூடம் போல ஆகிவிடும். ஆனால் இரண்டு வரிசையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இறங்குமுன் பழையபடி திருப்பி வைத்துவிடுவது அங்கே வழக்கம்.

எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு சிக்கலும் உண்டு. சாப்பாட்டுப் பலகை முன் சீட்டின் முதுகில்தான் இருக்கிறது; சீட்டைத் திருப்பினால் பலகை கைக்கு எட்டாது. வரைவதும் சாப்பிடுவதும் மடியில்தான். ஆகவே சாப்பிடும்வரை சீட் நேராக இருக்கட்டும், பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

பெட்டி எண்ணையும் கவனித்துப் போடுங்கள். 11-ஆம் எண் பெட்டியில்தான் பெரிய கழிப்பறையும் பல்நோக்கு அறையும் இருக்கின்றன. தாய்ப்பால் கொடுக்க வேண்டுமென்றால் கண்டக்டரிடம் சொன்னால் அந்த அறையைத் திறந்துவிடுவார். உடல்நலமில்லாதவர்கள் இருந்தால் அவர்களுக்கே முன்னுரிமை. மற்றபடி கழிப்பறைகள் ஒற்றைப்படை எண் பெட்டிகளில்தான் இருக்கும். கைக்குழந்தை இருந்தால் 11 அல்லது 12, கழிப்பறைக்குப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தை இருந்தால் ஏதாவது ஓர் ஒற்றைப்படைப் பெட்டி. நொசோமியில் 7-ஆம் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்காக 2021 முதல் ஒதுக்கிய பெட்டி அது. அங்கே குழந்தை சிணுங்கினால் உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

ஃபுஜி மலை பார்க்க வேண்டுமென்றால் இ சீட். போகும்போதும் வரும்போதும் அதே எழுத்துதான், திசையில் குழம்ப வேண்டியதில்லை. டோக்கியோவில் கிளம்பி 40 முதல் 45 நிமிடத்துக்குள், ஷின்-ஃபுஜி ஸ்டேஷனைக் கடக்கும் சமயத்தில், வலப்பக்கம் தெரியும். குளிர்காலக் காலை வண்டியில் தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். கோடையில் 3,776 மீட்டர் மலையும் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்காகக் குழந்தைகளிடம் முன்கூட்டியே ஆசை காட்டி வைக்காதீர்கள்.

அடுத்தது பெட்டி படுக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல், 250-க்குள் இருக்கும் சாமானுக்கு, 2020 மே முதல் இந்தத் தடத்தில் அதற்கென இருக்கும் சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். பெட்டியின் கடைசி வரிசை சீட்டுகள்தான் அவை. பின்னால் சாமான் வைக்க இடம் இருக்கும். கூடுதல் காசு கிடையாது. பதிவு செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென் கட்ட வேண்டும். பல விமான நிறுவனங்களின் 158 சென்டிமீட்டர் வரம்புக்குள் இருக்கும் சூட்கேஸ் இந்த விதியில் மாட்டாது. மேல் தட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 23 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பது யார், அந்த நேரத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வது யார்? குழந்தைத் தள்ளுவண்டிக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. இருந்தும் கடைசி வரிசை கிடைத்தால் போட்டுவிடுங்கள், மடக்கிய வண்டியைப் பின்னால் நிம்மதியாக நிறுத்தலாம்.

இதைவிட நல்ல வழி, பெரிய சூட்கேஸை ரயிலில் ஏற்றாமலே இருப்பது. ஜப்பானில் தக்க்யூபின் என்ற வீட்டுக்கு வீடு பார்சல் சேவை இருக்கிறது. கறுப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் சின்னம் போட்ட யமாட்டோ நிறுவனம் 1976-இல் தொடங்கியது. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் சூட்கேஸைக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். கட்டணம் அளவையும் தூரத்தையும் பொறுத்தது. 160 சென்டிமீட்டர் அளவில் 25 கிலோ வரை எடுப்பார்கள். ஒரு ராத்திரிக்கு வேண்டிய மாற்றுத் துணி, டயப்பர், மருந்து மட்டும் முதுகுப்பையில் போதும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் சூட்கேஸுக்குள் வைத்து அனுப்பக் கூடாது.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டு எழுதும்போதுதான். போய்ச் சேரும் ஹோட்டலில் எந்தப் பெயரில் அறை போட்டிருக்கிறதோ அதே பெயரை எழுத வேண்டும். மனைவி பெயரில் அறை, கணவர் பெயரில் சூட்கேஸ் என்றால் வரவேற்பில் தேடிக்கொண்டிருப்பார்கள். என்றைக்கு அறைக்கு வருகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். வரவேற்பு மேசை இல்லாத வாடகை வீடுகளுக்கு இது சரிப்படாது, வாங்கி வைக்க ஆள் இருக்காது. காலையிலேயே கொடுத்துவிடுங்கள், சில ஹோட்டல்களில் மதியத்தோடு அன்றைய பார்சல் எடுப்பது முடிந்துவிடும். திரும்பும்போது விமான நிலையத்துக்கு அனுப்புவதானால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

வண்டியில் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. சாதாரண பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. டோக்கியோ ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ரயில் வடிவப் பெட்டியில் வரும் குழந்தைகளுக்கான சாப்பாடும் கிடைக்கும். சைவக் குடும்பங்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. வெளியே பார்த்தால் சுத்த சைவம்போல் இருக்கும் பொரித்த டோஃபு உறைக்குள் சோறு அடைத்த இனாரியிலும் மீன் சாறு சேர்ந்திருப்பதுதான் வழக்கம். உறையில் கட்டாயம் அச்சிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் முட்டை, பால், கோதுமை, சோபா என்ற பக்வீட் தானியம், வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்ற சிலதான். மீன் அதில் இல்லை. ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துச் சைவம் என்று முடிவுகட்ட முடியாது. வாழைப்பழம், சுவை எதுவும் சேர்க்காத தயிர், உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை ஆகியவை நம்பகமானவை. பால் பவுடர் கலக்க வெந்நீர் வேண்டுமென்றால் ஃபிளாஸ்கில் கொண்டுபோவதே மேல்.

ஏறும் ஸ்டேஷனாக ஷினகாவாவைவிட டோக்கியோவையே தேர்ந்தெடுங்கள். டோக்கியோவில்தான் வண்டி புறப்படுகிறது. சுத்தம் செய்து முடித்துக் கதவு திறந்த பிறகு, குழந்தைகளை உட்கார வைத்துப் பையை மேலே ஏற்ற நேரம் இருக்கும். ஷினகாவாவில் வந்து நின்ற கையோடு கிளம்பிவிடும். டோக்கியோவில் இந்தத் தடத்துக்கு 14 முதல் 19 வரையான பிளாட்பாரங்கள். 20 முதல் 23 வரை வடக்கே போகும் வண்டிகளுக்கு, வேறு நிறுவனம், வேறு நுழைவாயில். பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் தரையில் எழுதியிருக்கும் பெட்டி எண்ணைப் பாருங்கள். வண்டி 400 மீட்டர் நீளம். ஒன்றாம் பெட்டி ஒசாகா பக்கம், பதினாறு இந்தப் பக்கம். தவறான முனையில் நின்றால் அந்த நீளம் முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

காகித டிக்கெட்டை வாயிலில் போடும்போது மறுபக்கம் வெளியே வரும், எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். தொலைத்தால் திரும்ப வாங்க வேண்டியதுதான். எல்லா டிக்கெட்டும் ஒரே பெரியவர் கையில் இருக்கட்டும். முன்பதிவு வண்டியைத் தவறவிட்டாலும் கலங்க வேண்டாம்: அதே நாளில் பின்னால் வரும் வண்டிகளின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் ஏறலாம். சலுகை விலை டிக்கெட்டுகளில் பலவற்றுக்கு இது பொருந்தாது. மே மாதத் தொடக்கத்தின் விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு நாட்களில் நொசோமி முழுக்க முன்பதிவு வண்டியாகிவிடுகிறது. அந்த நாட்களுக்குப் பயண நாளிலிருந்து ஒரு மாதம் முன்பு, காலை 10 மணிக்கு விற்பனை திறந்ததுமே எடுத்துவிடுங்கள்.

ஓட்டத்தில் தொந்தரவு குறைவு. அட்டாமியைத் தாண்டியதும் வரும் ஷின்-தன்னா சுரங்கம் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். சில குழந்தைகளுக்குக் காது அடைக்கலாம். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். அழும் குழந்தையைக் கதவருகே இருக்கும் இடைவெளிக்குத் தூக்கிப்போனால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கியோட்டோவில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும் என்பதால் வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே செருப்பு மாட்டி, பையெடுத்து, கதவருகே வந்துவிடுங்கள்.

நகரத்துக்குள் சுற்ற 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குத் தனி சுய்கா கார்டு உண்டு; முன்கூட்டியே பணம் போட்டு வாயிலில் தட்டிவிட்டுப் போகும் கார்டு இது. டோக்கியோ ஸ்டேஷன் கவுன்டரில் குழந்தையின் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். பெரியவர் கார்டைக் குழந்தை பயன்படுத்தினால் முழுக் கட்டணம் போய்விடும். குழந்தை கார்டை வாயிலில் வைத்தால் பறவைக் குஞ்சு கூவுவது போல "பியோ பியோ" என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் முந்திக்கொண்டு ஓடுவார்கள். ஷின்கான்சென் டிக்கெட்டுக்கு இந்தக் கார்டை அப்படியே தட்டிவிட்டுப் போக முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டோக்கியோ வாயிலில் தட்டி நுழைந்து கியோட்டோவில் தட்டி வெளியேற அது அனுமதிக்காது. அந்த டிக்கெட் தனி.